வெறும் தண்ணீருக்கு நாடி பார்ப்பது எப்படி?

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்றவர்கள் படித்தாலும் புரியட்டும். பவளப்பாறை வெளுத்தால் கண்ணுக்குத் தெரிகிறது, சதுப்புக் காட்டை வெட்டினால் டிரோன் படத்தில் தெரிகிறது. கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலடித் தட்டான கண்டத்திட்டு முடிந்து கடல் ஆழத்துக்குச் சரிகிற இடத்தில், தரைக்கும் மேற்பரப்புக்கும் நடுவே இருப்பது வெறும் தண்ணீர்தானே, அது நலமாக இருக்கிறதா கெட்டுவிட்டதா என்று எதை வைத்துச் சொல்கிறார்கள், பினாங்கில் இருக்கும் நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த மாதம் சபாவுக்கு ஆழ்கடல் தூண்டில் பயணம் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் பேராசிரியர் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆய்வுக் கப்பல்களில் வலை இறக்கி, பாட்டில் நிரப்பி, நோட்டில் எண் எழுதிய ஆள். அதனால் என் பதிலில் தத்துவத்தைவிட வாளியும் கயிறும் அதிகம் இருக்கும்.

முதலில் நம் இடம். பத்து மாவுங்கிலிருந்தோ தெலுக் பஹாங்கிலிருந்தோ படகில் கிளம்பினால் நீரிணைக்குள் எவ்வளவு நேரம் ஓடினாலும் நீங்கள் கண்டத்திட்டின் மேல்தான் இருப்பீர்கள். கயிற்றில் ஈயக் குண்டு கட்டி விட்டால் ஐம்பது அறுபது மீட்டரில் சேற்றில் போய் உட்காரும். மலாக்கா நீரிணை ஒரு பெரிய ஆழமில்லாத தட்டு. ஆனால் வடமேற்கே போகப் போகத் தட்டு சாய்கிறது. ஆச்சேக்கு வடக்கே அந்தமான் கடலில் ஆழம் ஆயிரம் மீட்டரைத் தாண்டிவிடும். அந்தச் சாய்வுதான் கண்டச்சரிவு. உலகம் முழுக்க ஏறக்குறைய இருநூறு மீட்டருக்குச் சற்று முன்னால் தொடங்கி மூவாயிரம், நாலாயிரம் மீட்டர் வரை இறங்கும். சரிவு என்றதும் மலைச்சரிவை நினைக்காதீர்கள். சராசரியாக நாலு டிகிரிதான், கொடிமலை ரோட்டில் இதைவிடச் செங்குத்தான வளைவுகள் உண்டு.

அந்தச் சரிவுக்கு மேலே நிற்கிற தண்ணீர் ஏன் முக்கியம் என்றால், அது ஒரு விளிம்பு. ஆழக்கடலில் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஓடுகிற உள்ளலைகள் இங்கே வந்துதான் உடைகின்றன. அந்தமான் கடலின் உள்ளலைகள் உலகப் புகழ் பெற்றவை. நிக்கோபார் பக்கத்துக் கடலடி முகடுகளில் ஓதம் மோதிக் கிளம்பும் அலைகள், நீருக்கடியில் அறுபது மீட்டருக்கும் மேல் உயரமாகக் கிழக்கு நோக்கி வரும். மேலே இருப்பவருக்கு அலை தெரியாது. காற்றே இல்லாத நாளில் திடீரென்று ஒரு நுரைப்பட்டை, உலை கொதிக்கிற மாதிரி ஒரு சலசலப்பு, அவ்வளவுதான். பாய்மரக் காலத்து மாலுமிகளே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து வந்த என் தாத்தா நீரோட்டத்தை ‘நீவாடு’ என்பார். கரையில் நின்றுகொண்டே கை காட்டி இன்றைக்கு நீவாடு இப்படி என்று சொல்லிவிடுவார். இந்த உள்ளலையை அவரிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

அந்த அலை உடையும்போது அடியில் இருக்கிற குளிர்ந்த, உரச்சத்துள்ள நீர் மேலே கலக்கிறது. பாசி பெருகுகிறது, பாசியைத் தின்ன சிறு உயிர்கள், அவற்றைத் தின்னக் கணவாய், சூரை, திமிங்கிலம். நாம் சௌரஸ்தா பசாரில் பார்க்கிற கெம்போங்கும் நெத்திலியும் திட்டின் மீன்கள்தான். ஆனால் திட்டும் சரிவும் தண்ணீரைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கின்றன. நடுவில் கதவு கிடையாது.

சரி, நலம் பார்ப்பது எப்படி?

தொல்லையே அங்கேதான். பவளப்பாறை நாளைக்கும் அதே இடத்தில் இருக்கும். தண்ணீர் இருக்காது. இன்று நான் அளந்த நீர் அடுத்த வாரம் வேறு எங்கோ போயிருக்கும். பருவக்காற்று மாறினால் எண்கள் மாறும். எல் நினோ வந்தால் மாறும். இந்தியப் பெருங்கடலின் கிழக்கு ஓரம் குளிர்ந்து மேற்கு சூடாகும் இருமுனை நிலை வந்தால் தலைகீழாகவே மாறிவிடும். 1997-ஐ நினைத்துப் பாருங்கள். நமக்குப் புகைமூட்டம்தான் நினைவிருக்கும். அதே மாதங்களில் சுமத்ராவின் மேற்குக் கரையில் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலெழுந்து, பாசி பொங்கி, மெந்தாவாய் தீவுகளின் பவளப்பாறைகள் பெருமளவு செத்தன. அந்த ஆண்டு ஒரே ஒரு பயணம் போய் அளந்தவர் இந்தக் கடல் இப்படித்தான் என்று எழுதியிருந்தால் எவ்வளவு தப்பாகியிருக்கும்? அதனால் என் கட்சி இது: முந்தைய கணக்கு இல்லாமல் யாராவது ஒரு திறந்த கடலை நலம் என்றோ கெட்டது என்றோ சொன்னால் நம்பாதீர்கள். வருகிற நோயாளியிடம் டாக்டர் முதலில் பழைய ரிப்போர்ட்டைக் கேட்பது இதனால்தான்.

எதையெல்லாம் அளக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். எனக்குப் பிடித்ததில் தொடங்குகிறேன், அது ஆக்சிஜன்.

இப்போதெல்லாம் சென்சார் இருக்கிறது. ஆனால் சென்சார் சரியா என்று பார்க்க இன்னமும் 1888-இல் விங்க்லர் என்ற வேதியியலாளர் சொல்லிக்கொடுத்த வழிதான். பல பாட்டில்களை வட்டமாகக் கட்டிய சட்டம் ஆழத்திலிருந்து மேலே வந்ததும், மற்ற எல்லா வேலைக்கும் முன்னால் ஆக்சிஜன் பாட்டிலைத்தான் நிரப்ப வேண்டும். குழாயை அடிவரை விட்டு, ஒரு குமிழிகூட நுழையாமல், மூன்று பாட்டில் அளவு நீர் வழிந்தோட விட்டு நிரப்புவோம். பிறகு மாங்கனீசுக் கரைசல் கொஞ்சம், காரம் கலந்த அயோடைடு கொஞ்சம். மூடியைப் போட்டுக் குலுக்கினால் பாட்டிலுக்குள் பஞ்சு மாதிரி ஒரு படிவு எழும். மேற்பரப்பு நீர் என்றால் அது நல்ல கடுந்தேநீர்ப் பழுப்பு. ஆழம் கூடக் கூடப் பாலை அதிகமாக ஊற்றிய தே தாரிக் மாதிரி வெளுத்துக்கொண்டே வரும். ஆக்சிஜன் சுத்தமாக இல்லாத நீரில் படிவு வெள்ளையாகவே நிற்கும். இருநூறு, முந்நூறு, நானூறு மீட்டர் பாட்டில்களை வரிசையாக மரப்பெட்டியில் வைத்துப் பார்த்தாலே, கடல் எந்த ஆழத்தில் மூச்சுத் திணறுகிறது என்று எண் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். வங்காள விரிகுடாவின் நடு ஆழங்களில் அப்படி ஒரு ஆக்சிஜன் குறைந்த படலம் இயற்கையாகவே இருக்கிறது. அது இருப்பது நோய் இல்லை. அது தடித்து மேலேறி வருகிறதா என்பதுதான் கேள்வி. 1960-லிருந்து ஐம்பது ஆண்டுகளில் உலகக் கடல்கள் மொத்தத்தில் ஏறக்குறைய இரண்டு சதவீத ஆக்சிஜனை இழந்திருக்கின்றன. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் அந்த இழப்பு எல்லா இடத்திலும் சமமாக இல்லை. சரிவின் மேல் வாழ்கிற மீனுக்கு அந்தப் படலம் ஐம்பது மீட்டர் மேலே வந்தாலே வீட்டில் ஒரு மாடி பறிபோன கதை.

அடுத்தது பாசி. இங்கேதான் நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். செயற்கைக்கோள் படத்தில் பச்சை கூடினால் கடல் செழிப்பு என்று. வயலுக்கு அது சரி, கடலுக்குப் பாதிதான் சரி. செயற்கைக்கோளுக்குத் தெரிவது மேல்மட்ட நீர் மட்டும். வெப்பமண்டலக் கடலில் பச்சையம் அதிகம் திரள்வது பல சமயம் ஐம்பது முதல் நூறு மீட்டர் ஆழத்தில், ஆகாயத்திலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது. பருவமழை மாதங்களில் மேகம் வேறு மறைத்துவிடும். எவ்வளவு பாசி என்பதைவிட எந்தப் பாசி என்பது முக்கியம். சிலிக்கா ஓடு கொண்ட டயட்டம்கள் இருந்தால் உணவுச் சங்கிலி குட்டை, மீன் வரை சத்து சீக்கிரம் போய்ச் சேரும். கண்ணுக்கு மட்டுமல்ல, சாதாரண நுண்ணோக்கிக்கே பிடிபடாத பிக்கோ பாசிகள் ஆளும் நீரில் சங்கிலி நீளம், ஒவ்வொரு கண்ணியிலும் சத்து சிந்திச் சிந்தி மேலே கொஞ்சம்தான் மிஞ்சும். அதனால் வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகள் ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, டயட்டமும், சாட்டை மாதிரி இழையால் நீந்தும் டைனோஃபிளாஜெல்லேட்டும், இறால் இனத்துச் சிற்றுயிரான கோப்பிபாடுகளில் பெரியதும் சின்னதும் என்று ஜோடி ஜோடியாக எடுத்து, அந்த ஜோடியின் விகிதம் பழைய ஆண்டுகளின் அளவுகள் வரைந்த வட்டத்துக்குள் நிற்கிறதா, வெளியே நழுவுகிறதா என்று பார்க்கின்றன. எனக்குப் பிடித்த முறை இதுதான். நோயை ஒரே மார்க்காகப் போட்டுத் தராமல், எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டுகிறது.

அவர்களால் அப்படிச் செய்ய முடிவதற்குக் காரணம் ஒரு பெட்டி. அலிஸ்டர் ஹார்டி என்ற ஆங்கிலேயர் செய்த பிளாங்டன் பதிவுப் பெட்டி. பிளாங்டன் என்றால் நீரில் மிதந்து திரியும் சிற்றுயிர்கள். 1931-லிருந்து சாதாரணச் சரக்குக் கப்பல்கள் அதை இழுத்துக்கொண்டு போகின்றன. உள்ளே ஒரு பட்டுத்துணிச் சுருள் மெதுவாக நகர்ந்து, வருகிற சிற்றுயிர்களை வடிகட்டிப் பிடித்துக்கொள்ளும். இத்தனை வருடமாக அதே பட்டு, அதே கண்ணி அளவு. சலிப்பான வேலை. ஆனால் குளிர்விரும்பிக் கோப்பிபாடுகள் வட அட்லாண்டிக்கில் வடக்கே நகர்ந்துகொண்டிருக்கின்றன என்று உலகத்துக்குச் சொன்னது அந்தச் சலிப்புதான்.

நம் பக்கத்துக்கு இருக்கிற பழைய கணக்கு, 1960-களின் முதல் பாதியில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய சர்வதேச இந்தியப் பெருங்கடல் பயணங்களிலிருந்து வந்தது. எல்லாக் கப்பலும் ஒரே மாதிரி வலையை இருநூறு மீட்டரிலிருந்து மேலே இழுத்து, கிடைத்ததைக் கொச்சிக்கு அனுப்பிப் பிரித்தார்கள். இன்று நாம் அந்தமான் கடலில் வலை போட்டால் ஒப்பிட அந்தச் சாடிகள் இருக்கின்றன. அறுபது வருட இடைவெளியில் இரண்டே புள்ளிதான் என்றாலும், ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ தேவலை.

வலை என்றதும் என் மானம் போன கதை ஒன்று. வலையின் வாயில் ஒரு சின்னக் காற்றாடி மாதிரி நீரளவி இருக்கும். எத்தனை கனமீட்டர் நீர் வடிந்தது என்று அதன் எண்ணிலிருந்துதான் கணக்கிட வேண்டும். ஒரு பயணத்தில், விடிய விடிய மழை. வலை மேலே வந்ததும் நுனிக் குப்பியைக் கழற்றினேன். இரவு இழுப்பு என்பதால் ஜவ்வரிசிப் பாயசம் மாதிரிக் கெட்டியாக இருந்தது, டார்ச் அடித்தால் ஆயிரம் கண்கள் சிவப்பாக மின்னின. ஒரே குஷி. கழுவி, சாடியில் ஊற்றி, ஃபார்மலின் விட்டு, லேபிள் ஒட்டி எல்லாம் செய்தேன், நீரளவியின் முடிவு எண்ணை மட்டும் எழுதவில்லை. ஒரு தடவை இல்லை, அந்த இரவு முழுக்க முந்தைய நிலையத்தின் எண்ணையே அடுத்ததிலும் எழுதியிருக்கிறேன். மூன்று வாரம் கழித்துக் கரையில் கணக்குப் போடும்போதுதான் தெரிந்தது. சாடி சாடியாக உயிர்கள் இருக்கின்றன, ஆனால் ‘நிறைய’, ‘கொஞ்சம்’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. தலைவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. மிதவை உயிர்கள் குறைந்துவிட்டன என்று யாராவது அறிக்கை காட்டினால் நான் முதலில் கேட்பது, எவ்வளவு நீரில் என்றுதான்.

அப்புறம் ஒலி. சரிவுக்கடலின் பெரும் அதிசயம் இதில்தான் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளைத் தேடியவர்களின் சோனாரில் முந்நூறு நானூறு மீட்டரில் ஒரு ‘தரை’ தெரிந்தது. வரைபடத்தில் அங்கே தரை கிடையாது. அந்தப் பொய்த்தரை சாயங்காலம் மேலேறியது, விடியலில் இறங்கியது. விளக்குமீன்கள், சிறு கணவாய், இறால் வகைகள் எல்லாம் இருட்டில் மேலே மேய வந்து, வெளிச்சத்துக்கு முன் ஆழத்தில் ஒளிந்துகொள்கின்றன. பூமியில் தினமும் நடக்கும் மிகப் பெரிய இடப்பெயர்ச்சி இதுதான். கப்பலில் ஒலி அனுப்பி எதிரொலியைத் திரையில் காட்டும் எக்கோ சவுண்டர் முன்னால் உட்கார்ந்தால், திரையில் ஒரு தடித்த பட்டை பொழுது சாயச் சாய மேலே வளைந்து வருவதைப் பார்க்கலாம். முதல் தடவை பார்த்தபோது சாப்பாட்டு மணி அடித்தது கேட்கவில்லை எனக்கு. சரிவுகளில் இன்னொரு வேடிக்கை. இரவில் நீரோட்டம் இந்தக் கூட்டத்தைத் திட்டுப் பக்கம் தள்ளிவிட்டால், காலையில் இறங்கப் பார்க்கும்போது கீழே ஆழம் இருக்காது, தரை இருக்கும். மாட்டிக்கொள்ளும். சரிவின் தரைமீன்களுக்கு அன்று பந்தி.

இந்தப் பட்டை எந்த ஆழத்தில் பகலைக் கழிக்கிறது, எவ்வளவு தடிப்பு, எப்போது ஏறுகிறது என்பதை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தால் அது கடலின் நாடித்துடிப்பு மாதிரி. ஆனால் ஒலி சொல்வதை அப்படியே எடைபோடக் கூடாது. காற்றுப்பை உள்ள சின்ன மீன் பெரிதாக எதிரொலிக்கும், காற்றுக்குமிழ் உள்ள ஜெல்லி உயிர்கூட மீன் மாதிரி ஏமாற்றும். காற்றுப்பை இல்லாத மீன் அநேகமாகத் தெரியவே தெரியாது. இந்த நடு ஆழ மீன்கள் உலகில் மொத்தம் நூறு கோடி டன் என்று ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2010-இல் கிளம்பிய ஸ்பெயினின் மலாஸ்பினா பயணத்தின் ஒலிப்பதிவுகளை வைத்து 2014-இல் அதைப் பத்து மடங்கு ஆக்கினார்கள். வலையைப் பார்த்ததும் இந்த மீன்கள் விலகிவிடுகின்றன என்பது ஒரு காரணம். பத்து மடங்கு தடுமாறுகிற ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அதைப் பிடித்துத் தீவனம் ஆக்கலாம் என்று சிலர் கிளம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்கோ மிதவைகள் ஆயிரம் மீட்டரில் மிதந்து, பத்து நாளைக்கு ஒருமுறை இரண்டாயிரம் மீட்டர் வரை இறங்கி, அளந்துகொண்டே மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் சொல்கின்றன. புதியவை ஆக்சிஜன், நைட்ரேட், அமிலத்தன்மைகூட அளக்கும். நீரில் கலந்திருக்கும் மரபணுத் துணுக்குகளை வைத்து யார் வந்து போனார்கள் என்று பார்க்கும் முறையும் வளர்ந்துவிட்டது. யார் என்று சொல்லும், எத்தனை பேர் என்று சொல்வதில் இன்னும் தடுமாறும். மீன்பிடிக் கணக்கை மட்டும் தனியாக நம்பாதீர்கள். படகும் வலையும் நல்லதாகிக்கொண்டே போனால் மீன் குறைகிற காலத்திலும் பிடிப்பு குறையாது.

சட்டப்படி தீர்ப்புச் சொல்ல முயன்றவர்களில் ஐரோப்பிய ஒன்றியம் முக்கியம். 2008-இல் கடல்களுக்கு நல்ல நிலை வேண்டும் என்று சட்டம் போட்டு, 2017-இல் திறந்த நீர் வாழிடங்களை நாலாகப் பிரித்தார்கள்: உப்பு ஏறி இறங்கும் முகத்துவார நீர், கரையோரம், திட்டு, திட்டுக்கு அப்பால். நீங்கள் கேட்டது நாலாவது. நாலில் தரவு மெலிந்ததும் அதுதான், கப்பல் அவ்வளவு தூரம் போக எண்ணெய்ச் செலவே கண்ணைக் கட்டும். அவர்கள் கேட்கிற கேள்வி நியாயமானது: மாற்றம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதே, அதில் மனிதன் செய்தது எவ்வளவு என்று பிரி. பருவமும் எல் நினோவும் செய்ததைக் கழிக்காமல் பழியை யார் தலையிலும் போட முடியாது. கழிப்பதற்கு நீண்ட கணக்கு வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறோம்.

இதில் உலகம் பட்ட பெரிய அடி 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் நடந்த டீப்வாட்டர் ஹொரைசன் விபத்து. சரிவின் மேல், ஏறக்குறைய 1,500 மீட்டர் ஆழத்தில் கிணறு வெடித்து 87 நாள் எண்ணெய் கொட்டியது. எல்லோரும் மேலே மிதந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு பகுதி ஆயிரத்து நூறு மீட்டர் வாக்கில் நீருக்குள்ளேயே படலமாகப் பரவியது. அங்கே வாழும் மீன்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் பதில் சொல்ல, விபத்துக்கு முந்தைய கணக்கு கிட்டத்தட்ட இல்லை. 2011-இல் எடுத்ததை முதல் கணக்காக வைத்துப் பின்னால் ஒப்பிட்டபோது பல இனங்கள் மிகவும் குறைந்திருந்தன. ஆனால் 2011-ஏ விபத்துக்குப் பிந்தைய ஆண்டுதான். விழுந்தவனின் உயரத்தை விழுந்த பிறகு அளந்த மாதிரி.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், நமக்கும் சரிவு இருக்கிறது. பினாங்கில் இல்லை, சபாவில். வடமேற்கு போர்னியோவை ஒட்டிய பள்ளம் இரண்டாயிரம் மீட்டரைத் தாண்டும். அங்கே மலேசியாவின் முதல் ஆழ்கடல் எண்ணெய் வயலான கிக்கே, ஏறக்குறைய 1,300 மீட்டர் ஆழத்தில், 2007-லிருந்து எண்ணெய் எடுக்கிறது. விபத்து வரும் என்று சொல்லவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் அந்தத் தண்ணீரின் சாதாரண நாள் எப்படி இருக்கும் என்று வருடா வருடம் எழுதி வைக்க வேண்டும் என்கிறேன். நம் மேற்குப் பக்கமும் அப்படியே. மலாக்கா நீரிணை வழியாக ஆண்டுக்கு எண்பதாயிரத்துக்கு மேல் கப்பல்கள் போகின்றன, அவற்றில் ஏராளமானவை அந்தமான் சரிவின் மேலாகத்தான் உள்ளே நுழைகின்றன.

இப்போது உங்கள் பயணம். படகு சரிவுக்கு மேலே, ஐந்நூறு மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் நிற்கும்போது படகுக்காரரிடம் எக்கோ சவுண்டரை 50 கிலோஹெர்ட்ஸில் வைத்து, ஆழ அளவை ஐந்நூறுக்கு மாற்றச் சொல்லுங்கள். 200 கிலோஹெர்ட்ஸ் அவ்வளவு ஆழம் போகாது. சபாவில் நம் ஊரைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் பொழுது சாயும், அதனால் ஐந்தரைக்கே திரை முன்னால் உட்கார்ந்துவிடுங்கள். அடியில் மங்கலாக ஒரு பட்டை இருக்கும், அது ஏறத் தொடங்கும். இருநூறு மீட்டரைத் தொட்ட நேரம், நூறைத் தொட்ட நேரம், நிலவு எவ்வளவு, மேகம் உண்டா என்று நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமிக்குப் பக்கத்தில் என்றால் அது முழுதாக மேலே வராமல் கொஞ்சம் கீழேயே தயங்கி நிற்கும். இடத்தின் ஜிபிஎஸ் எண்ணையும் எழுதிவிடுங்கள், தம்பி. நான் செய்த மாதிரி முந்தைய எண்ணையே மறுபடி எழுதிவிடாதீர்கள்.